காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்து இரண்டு வாரங்கள் கழிந்ததும், எமது குழந்தைகள் பிரிவின் புறநோயாளர் கூடத்தில் ஒரு தனிவகைக் கூட்டம் சேரத் தொடங்கும். அது காய்ச்சல் கூட்டம் அன்று; காய்ச்சலுக்குரிய காலம் ஐப்பசியும் கார்த்திகையும். ஜூனில் வருகிற குழந்தைகளுக்கு வயது நான்கு முதல் எட்டு வரை இருக்கும். பெரும்பாலோர் திங்கட்கிழமை வருவார்கள். அனைவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

சென்ற ஆண்டு ஜூலையில் குள்ளஞ்சாவடியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயாரும் ஆயாவும் அழைத்து வந்தார்கள். (அக்குடும்பத்தாரின் இசைவோடு எழுதுகிறேன்; அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதலாம் வகுப்பு. பதினைந்து நாட்களாகக் காலையில் எழுந்தவுடன் தொப்புளைச் சுற்றி வலி. இரண்டு நாட்கள் வாந்தியும் எடுத்திருக்கிறாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையும் கொடுத்தாயிற்று. ஸ்கேன் படமும் எடுத்தாயிற்று. படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. சிறுநீர் மட்டும் அடர்ந்த மஞ்சள் நிறத்தில் இருந்தது.

பத்தரை மணிக்கு நான் மீண்டும் பார்த்தபோது, அச்சிறுமி வராந்தாவில் அமர்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே பக்கத்து பெஞ்சில் இருந்த பையனோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாருங்க டாக்டரம்மா, மணி பத்தாச்சுன்னா வலி எங்க போச்சுன்னே தெரியல. எல்லாம் நடிப்பு” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே இக்கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது. அது நடிப்பு அன்று. அவளுக்கு உண்மையாகவே வலித்தது. பள்ளி நேரம் கடந்தபின் அவ்வலி உண்மையாகவே நின்றது.

நமது குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையோடு இடைவிடாமல் தொடர்பு கொண்டிருக்கின்றன. அச்சம் தோன்றும்போது உடல் அட்ரினலின் முதலிய சுரப்புகளைப் பெருக்குகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. குடலின் இயல்பான அசைவு குலைகிறது. தேர்வு நாளன்று காலையில் பலமுறை கழிப்பறைக்கு ஓடியவர்களுக்கும், மேடையேறுமுன் வயிற்றில் ஏதோ பிசைவதை உணர்ந்தவர்களுக்கும் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் அந்நிலையை ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அச்சொல் இன்னும் வசப்படவில்லை. அதற்குத் தெரிவது வயிறு. ஆகவே வயிறு வலிக்கிறது என்கிறது.

இது நமது ஊருக்கு மட்டும் உரியதும் அன்று, இக்காலத்துக்கு மட்டும் உரியதும் அன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் நோரா நேஷ் என்பவரோடு சேர்ந்து ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு இவ்வாறு திரும்பத் திரும்ப வயிற்றுவலி வந்தமை தெரிந்தது. அவர்களுள் பெரும்பாலோரின் வலிக்கு உடல்நோய் எதுவும் காரணமாகக் காணப்படவில்லை. ஆப்லியின் பெயரால் வழங்கும் விதி ஒன்றை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்: வலி தொப்புளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு உடல்நோய் இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி.

எனினும் பெற்றோர் இதைத் தாமே முடிவு செய்துவிடக் கூடாது. உறக்கத்திலிருந்து குழந்தையை எழுப்பிவிடும் வலி, ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறையிலும் அதே அளவில் வரும் வலி, வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்து நிற்கும் வலி ஆகியவற்றை அச்சத்தின் கணக்கில் எழுதக் கூடாது. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், எடைக் குறைவு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினால், பள்ளி அச்சம் காரணமாக இருக்கலாம்; ஆனால் அதோடு மிகுந்த தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அது நீரிழிவின் தொடக்கமாக இருக்கக்கூடும். அதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு நீரிழிவு வராது என்று இன்னும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, அச்சம் என்று தெளிந்தபின் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

‘ஏன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்பதால் பயன் இல்லை. நானும் பல ஆண்டுகள் அவ்வாறு கேட்டு, ‘தெரியல’ என்ற ஒரே விடையைப் பெற்றிருக்கிறேன். இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன். வீட்டு வாசலில் தொடங்கி மாலையில் திரும்பும் வரை ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுகிறேன். வேனில் எந்த இடத்தில் உட்காருவாய்? பையை எங்கே வைப்பாய்? பக்கத்தில் யார்? சாப்பிடும்போது யாரோடு உட்காருவாய்? தண்ணீர் எங்கே குடிப்பாய்? குழந்தை தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டே வரும். ஏதோ ஓரிடத்தில் பேச்சு நின்றுவிடும். அல்லது கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். பெரும்பாலும் முள் தைத்திருப்பது அங்கேதான்.

அச்சிறுமியின் பேச்சு நின்றது தண்ணீரில். காலையில் ஆயா நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர்ப் புட்டி மாலையில் நிரம்பியபடியே திரும்பி வருகிறது என்பது அப்போதுதான் தாயாருக்கும் நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். சிறுநீர் வந்தால் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும். அந்தக் கழிப்பறைக்குச் செல்ல அவளால் இயலவில்லை. கதவின் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தாழிடாமல் உட்கார்ந்திருந்தபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் கதவைத் திறந்து சிரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை நடந்தது. அதன்பின் காலை ஏழரை மணி முதல் மாலை நாலரை மணி வரை அவள் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பள்ளியில் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் குழந்தைகள் நாம் எண்ணுவதைவிட மிகப் பலர். மலத்தை அடக்க அடக்க அது இறுகும்; இறுகியது வெளியேறும்போது வலிக்கும்; வலிக்கு அஞ்சி மேலும் அடக்கும். நாளடைவில் இறுகிய மலத்தைச் சுற்றி நீராக வழிந்து உள்ளாடை கறைபடும். வீட்டார் அதை வயிற்றுப்போக்கு என்று கருதி, நிறுத்தும் மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. சிறுநீரை அடக்கும் குழந்தைகளுக்கு, முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு, சிறுநீர்த்தாரையில் கிருமித்தொற்று ஏற்படுகிறது. மருந்தால் தொற்று நீங்கும்; பள்ளிக்குத் திரும்பியதும் மீண்டும் வரும். தாழ்ப்பாளை இறக்கிப் பொருத்தாமல் எத்தனை முறை மருந்து கொடுத்தாலும் அது முடியாத கதை.

இச்சிறுமியின் கதையில் தாழ்ப்பாளை இறக்கவும் வேண்டியிருக்கவில்லை. வகுப்பாசிரியை அதில் ஒரு நாடாவைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு சனிக்கிழமை தாயார் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, ஆளில்லாத அக்கழிப்பறையில் நாடாவை இழுத்துத் தாழிடவும் திறக்கவும் பத்து முறை பழக்கினார். தானாகவே உள்ளிருந்து தாழிட்டுத் திறந்து வெளியே வந்தபோது மகள் சிரித்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னார். இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் சிறு வகுப்புப் பெண் குழந்தைகளை அனுப்புவதென்றும் ஆசிரியை வழக்கப்படுத்திக்கொண்டார். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

செலவு தேவைப்படும் குறையாயின் அதைச் சொல்லவும் இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அக்குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுமுன் கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசலாம் என்பது ஒரு மருத்துவரின் எளிய கருத்து.

கழிப்பறையோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த நான்கு வயதுக் குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கிறோம். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சில பள்ளிகள் இன்னும் வைத்திருக்கின்றன. சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கும் ஆங்கிலத் தொடர் தெரியாததால் உடையை நனைத்துக்கொண்ட குழந்தைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பயிற்றுமொழி எதுவாயினும் ஆகட்டும். தண்ணீர், சிறுநீர், வலி ஆகிய மூன்றையும் தாய்மொழியில் கேட்கலாம், கேட்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்ற உறுதியைச் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடம் பெற்று, குழந்தையின் முன்னிலையிலேயே அவரைச் சொல்லச் செய்யுங்கள்.

அடுத்தது பிரிவு. விஜயதசமி அன்று நமது குழந்தைகள் முதல் எழுத்தைப் பெரியவர் ஒருவரின் மடியில் அமர்ந்து, விரலைப் பிடித்து எழுதச் செய்ய, அரிசியில் எழுதுகிறார்கள். இரண்டாம் எழுத்தை எழுதுவதற்குள் அந்த மடி இல்லாமல் போய்விடுகிறது. அழுகை வருவதில் வியப்பில்லை.

ஆனால் அழும் குழந்தையைவிட அழாத குழந்தையைப் பற்றியே சில வேளைகளில் நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். மருத்துவமனைகள் இதைக் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டன. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்க்க மிகக் குறைந்த நேரமே அனுமதித்தனர். தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே வராமலிருப்பதே நல்லது என்பது அக்கால எண்ணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் தனியே தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்து 1952-இல் வெளியிட்டார. அச்சிறுமி ஓயாமல் கதறியவள் அல்லள். பெரும்பாலும் அடக்கமாகவே இருந்தாள். அந்த அடக்கத்துக்குள் இருந்த துயரத்தை அப்படம் காட்டியது. முதலில் எதிர்ப்பு, பிறகு ஏக்கம், பிறகு விலகல் என்று நீண்ட பிரிவின் படிகளை அவர் விளக்கினார். மருத்துவர்கள் பலர் அப்போது அவர்மீது சினங்கொண்டனர். ஆயினும் 1959-இல் அந்நாட்டு அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் வருகைக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. இன்று எமது குழந்தைகள் வார்டில் தாயோ ஆயாவோ கட்டிலருகே படுத்துறங்குவது தயவினால் அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பள்ளியின் ஏழு மணி நேரம் மருத்துவமனையின் எட்டு நாட்களுக்கு ஒப்பாகாது. எனினும் அமைதியாக இருக்கும் குழந்தையெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று கொள்ளக் கூடாது என்பது இங்கும் பொருந்தும். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை, பள்ளியில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசாமலிருந்தால், ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு விட்டுவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். அதற்கெனப் பயிற்சி முறைகள் உண்டு. பேசு பேசு என்று வற்புறுத்துவது அவற்றுள் ஒன்றன்று.

விடைபெறும் முறையில் நம்மவர் செய்யும் பெரும் பிழை, குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிச் செல்வது. அழுகையைத் தவிர்க்கவே அவ்வாறு செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை அம்மா சொல்லாமல் மறைந்துவிட்டால், அதன்பின் அவர் எப்போது வேண்டுமானாலும் மறையக்கூடும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மறுநாள் முதல் சேலைத் தலைப்பை விடுவதில்லை. வீட்டில் சமையலறைக்கும் பின்னாலேயே வருகிறது. சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். வாசலில் நின்று நான்கு முறை திரும்பிப் பார்ப்பதும், கண்ணைத் துடைத்துக்கொள்வதும் வேண்டா. உங்கள் முகத்தைப் பார்த்தே அந்த இடம் ஆபத்தானதா என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது.

‘சீக்கிரம் வந்துடுவேன்’ என்பதும் பயன் தராது. சிறு குழந்தைக்குக் கடிகாரம் இல்லை, நிகழ்ச்சிகளே உண்டு. சத்துணவு சாப்பிடுவாய், பிறகு ஒரு பாட்டு, பிறகு விளையாட்டு, பிறகு நீண்ட மணி அடிக்கும், அப்போது வேப்பமரத்தடியில் ஆயா நிற்பேன் என்று சொன்னால் அதனால் அந்த நாளைக் கையில் பிடித்துக்கொள்ள முடியும். சொன்ன இடத்தில், சொன்ன ஆளே நிற்க வேண்டும். நமது பகுதியில் இது எளிதன்று என்பதை அறிவேன். தந்தையர் பலர் நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறார்கள். தாய்மார் பலர் முந்திரித் தோப்புக்கும் முந்திரி உடைக்கும் கொட்டகைக்கும் செல்கிறார்கள். திங்களன்று அப்பா, செவ்வாயன்று சித்தப்பா, புதனன்று பக்கத்து வீட்டு அண்ணன் என்று அமைந்துவிடுகிறது. யார் வருவது என்பது மாறினாலும் கேடில்லை. யார் வருவார் என்பதை அன்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும்; வர இயலாதவரின் பெயரைச் சொல்லி ஏமாற்றக் கூடாது. இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கும் தந்தை, ‘சாயங்காலம் அப்பா வரேன்’ என்று சொல்லிவிட்டு உறங்கிப்போவதைவிட, ‘இன்னிக்கு ஆயா வருவாங்க, ராத்திரி உன்கூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போறேன்’ என்று சொல்லி அதன்படி செய்வது நூறு மடங்கு மேல்.

பள்ளிக்குள் குழந்தைக்கு வேண்டியவர் ஒரே ஒருவர்தான்: பெயர் சொல்லி அழைக்கும், அழுதால் ஓடிச் செல்லத்தக்க ஒரு பெரியவர். அவர் ஆசிரியையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனையோ குழந்தைகளுக்குச் சத்துணவு சமைக்கும் அம்மாவோ, அங்கன்வாடி உதவியாளரோ அந்த இடத்தைப் பெற்றிருக்கிறார்கள். யார் அந்த ஒருவர் என்று கண்டறிந்து, முதல் ஒரு மாதத்துக்குக் குழந்தையை அவர் கையிலேயே ஒப்படைக்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இவ்வகையில் ஒரு நல்ல முன்னோடி உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007-08-இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அட்டைகளைக் கொண்டு கற்கும் அம்முறையின் பயன் குறித்துக் கல்வியாளரிடையே கருத்து வேறுபாடுகள் இருந்தன; அதில் தலையிட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு குழந்தை மருத்துவர் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்தவை இரண்டு. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிக் குழந்தைகளோடு பாயில் அமர்ந்தார். கரும்பலகை சுவரின் அடிப்பகுதிக்கு, குழந்தையின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. நின்றுகொண்டு பேசும் பெரியவரின் முகத்தை மூன்றரை அடி உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் எவ்வாறு இருக்கும் என்று நாம் நினைப்பதே இல்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் பாடத்தோடு சேர்ந்திருப்பதும் இவ்வழியில் நல்லதே.

அடி கொடுப்பது பற்றிச் சொல்ல நெடும்பேச்சு வேண்டா. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்’ என்று சொல்லி ஒப்படைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிட வேண்டும். வேடிக்கையாகச் சொன்னது என்று குழந்தைக்குத் தெரியாது.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். ‘சாப்பிடலன்னா டாக்டரம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று என் அறையிலேயே சொல்லுகிறார்கள். அதன்பின் அக்குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. ‘டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்’ என்பதும் இத்தகையதே. ஆபத்தில் ஓடிச் சென்று சேர வேண்டிய இரண்டு பேரை, நாமே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம்.

துணிவு என்பது அறிவுரையால் வருவதில்லை. கைக்குப் பழகிய வேலைகளால் வருகிறது. பள்ளி திறக்குமுன் மே மாதத்தில் எழுத்துகளைப் பழக்குவதைவிட, டிபன் டப்பாவைத் திறக்கப் பழக்குங்கள். புதிய எவர்சில்வர் டப்பாவின் மூடி பெரியவருக்கே இறுக்கம். திறக்க முடியாமல், கேட்கவும் அஞ்சி, பட்டினியோடு திரும்பிய குழந்தைகள் உண்டு. கால்சட்டைப் பொத்தான், செருப்பு வார், மூக்கைத் துடைப்பது, தன் பையை அடையாளம் காண்பது, தன் பெயரை உரக்கச் சொல்வது ஆகிய இவ்வளவும் வந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். காலையில் சோறோ இட்லியோ இறங்காத குழந்தைக்கு ஒரு தம்ளர் கஞ்சியேனும் போதும். அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 2022 முதல் படிப்படியாக வந்துள்ள காலை உணவுத் திட்டம், பசியை மட்டுமன்றி இந்த முதல் அரை மணி நேரத்தையும் எளிதாக்கியிருக்கிறது: பலகையைப் பார்க்குமுன் தட்டைப் பார்க்கிறார்கள்.

விடுப்பு பற்றி. முன்பெல்லாம் இவ்வகை வயிற்றுவலிக்கு மூன்று நாள் ஓய்வு என்று நானே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்காம் நாள் வலி இரு மடங்காயிற்று. வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் பள்ளிவாசல் மேலும் தொலைவில் போய்விடுகிறது. உடல்நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின், ‘வலிக்கிறது என்று தெரியும், வெந்நீர் குடி, போய் வரலாம்’ என்று வலியை மறுக்காமலும் பள்ளியை விடாமலும் நடந்துகொள்ள வேண்டும். முழு நாள் இயலாதென்றால் முதல் வாரம் மதியம் வரை, பிறகு முழு நாள் என்று ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். தவிர்க்க முடியாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால் அந்த நாள் சலிப்பாகவே கழியட்டும்; தொலைக்காட்சியும் கைபேசியும் கடைத்தின்பண்டமும் இருந்தால் மறுநாள் யார் போவார்?

ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு போன்ற நோய்களுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பும்போது, என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியருக்குக் கொடுக்கிறோம். புறநோயாளர் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இரும்பைக் கையில் கொடுக்க வேண்டா என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால், அவரும் அஞ்ச மாட்டார், குழந்தையும் அஞ்சாது.

இதுவரை சொன்னவை புதிய இடத்தின் அச்சத்துக்கு உரியவை. மகிழ்ச்சியோடு சென்றுகொண்டிருந்த குழந்தை திடீரென மறுத்தால் அதை வேறாகக் கருத வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒடுங்குவது, வேனில் ஏற மட்டும் மறுப்பது, குளிப்பாட்டும்போது தொட விடாமை, உறக்கத்தில் அலறுவது, உடலில் காரணம் தெரியாத காயம் ஆகியவை தென்பட்டால் அக்குழந்தையை வற்புறுத்தி அனுப்பாதீர்கள். அச்சம் அங்கே சரியான வேலையையே செய்துகொண்டிருக்கக்கூடும். அமைதியாகக் கேளுங்கள், சொல்லும்போது இடைமறிக்காதீர்கள், ‘நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை’ என்று சொல்லுங்கள். ஆள் மாற்றி ஆள் அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டா. குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளிவராமல் பாதுகாக்கிறது. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தால் நாட்களைக் கடத்தாதீர்கள். நேரே எங்களிடம் வந்தாலும் தனியறையில், பெண் மருத்துவரும் செவிலியரும் உடனிருக்கப் பரிசோதனை செய்யப்படும்.

நாடா கட்டிய பின் அச்சிறுமியின் வலி உடனே நின்றுவிடவில்லை. முதலில் தண்ணீர்ப் புட்டி பாதி காலியாகத் திரும்பியது. மலச்சிக்கலுக்கு இரண்டு மாதங்கள் மருந்து கொடுத்தோம். ஆடிப்பெருக்கு விடுமுறைக்குப் பிறகு ஒருமுறை எல்லாம் பழையபடி தொடங்கியது. காலாண்டுத் தேர்வுக்குப் பின்னும் ஒருமுறை. நீண்ட விடுமுறைக்குப் பின் வரும் திங்கட்கிழமைகளில் இது எதிர்பார்க்கத்தக்கதே. பெற்றோர் மனம் தளர வேண்டியதில்லை.

இத்தகைய வலியோடு குழந்தையை அழைத்து வருவோர், இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எழுதி எடுத்து வந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். ஒரு பழைய நாட்காட்டித் தாளே போதும்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வலித்தது, எப்போது நின்றது, மலம் கழித்ததா, தண்ணீர்ப் புட்டி எவ்வளவு காலியாக வந்தது. அவசர அறிகுறிகள் எதுவும் இல்லையெனில் காலையில் வர வேண்டா. பள்ளி விட்டபின் சீருடையோடே மாலை நேரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.